ரஜாயின் மூச்சு

ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வையை அலமாரியில் திணிப்பவர் பெரும்பாலும் காற்றைத்தான் திணிக்கிறார். நாருக்கும் நாருக்கும் நடுவே அடைபட்ட அந்தக் காற்றுதான் மார்கழியில் குளிரைத் தடுக்கிறது; சித்திரையில் அதுவே இடத்தை அடைக்கிறது.

அந்தக் காற்றை வெளியேற்றிவிடும் வேக்குவம் பையின் அழகு இங்கேதான். ஜிப்பை இரு விரலால் முனைக்கு முனை தேய்த்து மூடி, வால்வில் வேக்குவம் கிளீனர் குழாயை வைத்தால் போதும். பிளாஸ்டிக் சுருங்கி, ரஜாயின் தையல் கோடுகள் ஒவ்வொன்றாகப் புடைத்துத் தெரியும். தலையணை போல் உப்பியிருந்தது பலகையாகிவிடும். அமுக்குவது இயந்திரம் அல்ல. சதுர செ.மீ.க்குச் சுமார் 1 கிலோ எடையாக நம்மீது எப்போதும் கவிந்திருக்கும் வெளிக்காற்று!

படுக்கையைக் காலையில் மடித்து வைக்கும் ஜப்பானிய வீடுகளில் இந்தப் பை வெகு சகஜம்.

பையில் போடும் முன் துணி நன்றாகக் காய்ந்திருப்பது முக்கியம். லேசான ஈரம் இருந்தாலும் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். ஜரிகைப் பட்டுக்கு இந்தப் பை ஆகவே ஆகாது, மடிப்பில் இழை முறியும். இறகுப் போர்வையையும் மாதக்கணக்கில் அமுக்கி வைத்தால் பழைய உப்பல் குறையும்.

திறக்கும் நேரம் இன்னும் ரசமானது. ஜிப் நெகிழ்ந்ததும் ‘உஸ்’ என்று காற்று புகும். தட்டையாகக் கிடந்த ரஜாய் மெல்ல மெல்லத் தோள் உயர்த்தும். அரை நாள் வெயிலில் உதறிப் போட்டால் பழைய உருவம்.