மெட்வே பிள்ளைகளும் டிக்கன்ஸும்

1992 முதல் 2003 வரை இங்கிலாந்தின் பத்துப் பவுண்டு நோட்டில் தாடி வைத்த நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் இருந்தார். பாடநூல்களிலும் நூலகச் சுவர்களிலும் பிள்ளைகள் சந்திப்பது பெரும்பாலும் அந்தத் தாடிக்காரரைத்தான். கென்ட் பகுதியில், மெட்வே ஆற்றங்கரையிலுள்ள சாட்டம், ராச்செஸ்டர் நகரங்களின் பிள்ளைகளுக்கு இன்னொரு டிக்கன்ஸும் உண்டு. 1817 முதல் 1822 வரை, ஐந்து வயதிலிருந்து பத்து வயது வரை, அவர்களுடைய தெருக்களிலேயே ஓடித் திரிந்த சிறுவன் அவன். அவனை முன்னே நிறுத்தித் தொடங்கினால் பிள்ளைகள் டிக்கன்ஸிடம் எளிதாக நெருங்குவார்கள்.

அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. சாட்டம் கப்பல் தளத்துக்கு அவர் மாற்றலானபோது குடும்பம் ஆர்ட்னன்ஸ் டெரஸ் என்ற வீட்டு வரிசையில் குடியேறியது. அப்பா சேர்த்து வைத்திருந்த 'ராபின்சன் குருசோ'வையும் 'ஆயிரத்தோரு இரவுக'ளையும் பையன் தனியே உட்கார்ந்து படித்தான். இரவில் தாதி ஒருத்தி பேய்க் கதைகள் சொல்லி அவனை நடுங்க வைத்தாள். மணமுடித்த மனைவியரையெல்லாம் வெட்டி மாவுப் பண்டத்துக்குள் வைத்துச் சுட்டுத் தின்னும் கேப்டன் மர்டரர் கதை அவற்றில் ஒன்று. கடைசி மணப்பெண் பழி தீர்க்க, அவன் உடல் வீங்கி வெடித்துச் சாவான். 1860இல் எழுதிய கட்டுரையில் டிக்கன்ஸ் இதை நினைவிலிருந்து மீட்டுச் சொல்கிறார். எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு அவரை அறிமுகப்படுத்த இதைவிடப் பொருத்தமான பக்கங்கள் குறைவு.

விக்டோரிய எழுத்தாளர்களைத் தங்கள் மண்ணின் பிள்ளைகளிடம் கொண்டுசேர்க்கும் முயற்சி இங்கிலாந்தின் பல ஊர்களில் நடக்கிறது. ஒவ்வோர் ஊரும் ஒவ்வொரு பிடியைக் கண்டுபிடித்திருக்கிறது. யார்க்ஷயரின் ஹாவர்த்தில், பிராண்ட்டே குடும்பம் வாழ்ந்த பாதிரியார் இல்லம் 1928 முதல் அருங்காட்சியகம். 1826இல் மகன் பிரான்வெல்லுக்கு அப்பா வாங்கித் தந்த பொம்மைச் சிப்பாய்களை வைத்து அந்தப் பிள்ளைகள் உருவாக்கிய கற்பனை நாடுகளும், உள்ளங்கைக்குள் அடங்கும் குட்டிப் புத்தகங்களும் அதன் பெரும் செல்வம். செஷயரின் டேர்ஸ்பரி, லூயிஸ் கரோல் 1832இல் பிறந்த ஊர். அங்குள்ள தேவாலயத்தின் வண்ணக் கண்ணாடி ஜன்னலில் ஆலிஸும் அவளுடைய கதைமாந்தரும் நிற்கிறார்கள். ஹாவர்த்துக்குப் போகும் பிள்ளை தன்னைப் போன்ற பிள்ளைகள் எழுதியதைப் பார்க்கிறது. டேர்ஸ்பரிக்குப் போகும் பிள்ளை தனக்குத் தெரிந்த கதையை வழிபாட்டிடத்தில் பார்த்து வியக்கிறது.

மெட்வேயின் பலம் வேறு. இங்கே ஊரே நாவலுக்குள் புகுந்திருக்கிறது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் பிப் என்ற அநாதைச் சிறுவன் தொழில் பழக ஒப்பந்தம் எழுதப்பட்டது ராச்செஸ்டரின் கில்ட்ஹாலில் என்பார்கள். அது இன்று அருங்காட்சியகம். அதே நாவலின் மிஸ் ஹாவிஷாம் நின்றுபோன கடிகாரங்களுடன் வாழும் மாளிகைக்கு அதே ஊரின் ரெஸ்டோரேஷன் ஹவுஸ் மாதிரியாக இருந்தது. நடிகர் சார்லஸ் ஃபெக்டர் டிக்கன்ஸுக்குப் பரிசாக அனுப்பி, 58 பெட்டிகளில் துண்டு துண்டாக வந்து சேர்ந்த மர வீடு ஈஸ்ட்கேட் இல்லத் தோட்டத்தில் இருக்கிறது. முன்பு டிக்கன்ஸின் கேட்ஸ் ஹில் வீட்டுத் தோட்டத்தில் நின்ற அந்த மர வீட்டில்தான், 1870 ஜூன் 8 அன்று டிக்கன்ஸ் கடைசியாக எழுதினார். மறுநாள் இறந்தார்.

எல்லாவற்றிலும் வளமான பாடம் கூலிங் கிராமத்துத் தேவாலயத்தில் இருக்கிறது. சதுப்பு நிலத்தை ஒட்டிய அந்தக் கல்லறைத் தோட்டத்தில் பச்சிளம் குழந்தைகளின் சிறு கல்லறைகள் 13 உள்ளன. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் தொடக்கத்தில் பிப் தன் தம்பிகளின் கல்லறைகளைப் பார்க்கிறான். அவை ஐந்துதான். பிள்ளைகளை அழைத்துப்போய் எண்ணச் சொல்லிவிட்டு, எழுத்தாளர் ஏன் எட்டைக் குறைத்தார் என்று கேட்கலாம். பதின்மூன்று என்றால் யாரும் நம்பமாட்டார்கள் என்று ஒருவர் சொல்வார். ஒரே வீட்டில் அத்தனை சாவு என்றால் படிப்பவர் தாங்கமாட்டார் என்று இன்னொருவர் சொல்வார். உண்மையிலிருந்து கதை எப்படிப் பிறக்கிறது என்பதை வகுப்பறையில் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிட முடியாது. சுற்றிலும் பரந்த சதுப்பும் ஆற்றிலிருந்து ஏறும் மூடுபனியும் இருக்க, தப்பியோடிய கைதி பிப்பைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கும் காட்சியை அங்கேயே உரக்கப் படித்தால் பயம் தானே வரும்.

ராச்செஸ்டரில் டிக்கன்ஸ் விழா பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. உயரத் தொப்பியும் அகன்ற பாவாடையும் அணிந்தவர்கள் ஹை ஸ்ட்ரீட்டை நிறைக்கும்போது பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். சாட்டத்தில் 2007இல் பெரும் செலவில் திறந்த 'டிக்கன்ஸ் வேர்ல்டு' பொழுதுபோக்கு மையமோ 2016இல் மூடப்பட்டது. விழாவின் வேடமும் அந்த மையத்தின் படகுச் சவாரியும் போன்றவை ஆசையைத் தூண்டும். அந்த ஆசைக்குத் தீனி போடப் புத்தகம் கையில் இருக்க வேண்டும்.

எந்தப் புத்தகம் என்பதில்தான் சிக்கல். டிக்கன்ஸின் பேத்தி மேரி ஏஞ்சலாவே தாத்தாவின் கதைகளைச் சிறுவர்களுக்காகத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். மார்ஷியா வில்லியம்ஸ் அவற்றைப் படக்கதைகளாக்கினார். 1992இல் வந்த மப்பெட் திரைப்படம் 'கிறிஸ்துமஸ் கேரல்' கதையைப் பொம்மைகளோடு உலகம் முழுதும் கொண்டுபோனது. இவற்றால் கதை கைக்கு வரும். டிக்கன்ஸின் குரலோ, அதாவது அந்த நீண்ட பட்டியல்களும் வம்பும் கோபமும், வேறொருவர் சொல்லில் பாதிக்கு மேல் கரைந்துவிடும். இதற்கு அவரே ஒரு வழி காட்டியிருக்கிறார். 1853 டிசம்பரில் பர்மிங்காமில் 'கேரல்' கதையை முதன்முறையாகப் பொதுமேடையில் படித்தார். பின்னர் மேடைகளுக்காகத் தன் பிரதியிலேயே பத்திகளை அடித்து அடித்துச் சுருக்கினார். மாற்றி எழுதுவதைவிட வெட்டுவதே மேல் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். பள்ளிகள் தயாரிக்கும் சுருக்கங்களும் இப்படி இருந்தால் ஒன்பது வயதுப் பிள்ளையும் டிக்கன்ஸின் வாக்கியத்தையே கேட்கும்.

கடினமான பகுதியையும் மறைக்கக் கூடாது. 1822இல் குடும்பம் லண்டனுக்குப் போனது. 1824இல் அப்பா கடனுக்காக மார்ஷல்சீ சிறைக்குள் அடைக்கப்பட்டார். 12 வயது மகன் காலணிக் கறுப்பு மை தயாரிக்கும் கிடங்கில் வாரம் ஆறேழு ஷில்லிங் கூலிக்குப் புட்டிகளில் சீட்டு ஒட்டினான். அந்த அவமானத்தை அவர் வாழ்நாள் முழுதும் வாசகர்களிடம் சொல்லவில்லை. அவர் இறந்த பிறகு, நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் உலகம் அதை அறிந்தது. தொடக்கப்பள்ளியின் மேல் வகுப்புகளில் இருப்பவர்கள் ஏறத்தாழ அந்த வயதுக்காரர்கள். அவருடைய நாவல்களின் சிறுவர்களான ஆலிவரும் டேவிட் காப்பர்ஃபீல்டும் எங்கிருந்து வந்தார்கள் என்பது அவர்களுக்கு விளக்காமலே புரியும்.

இங்கிலாந்தின் பாடத்திட்டம் சிறுவர்கள் தங்கள் வட்டாரத்தின் முக்கிய மனிதர்களைப் படிக்க வேண்டும் என்கிறது. 16 வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ இலக்கியத் தேர்வுக்கு 19ஆம் நூற்றாண்டு நாவல் ஒன்று கட்டாயம். இடைப்பட்ட ஆண்டுகளில் டிக்கன்ஸ் நழுவிவிடாமல் பார்த்துக்கொள்வது பள்ளிகளின் கையில் இருக்கிறது. 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர் 1 முதல் 1861 ஆகஸ்ட் 3 வரை, 'ஆல் தி இயர் ரவுண்ட்' இதழில் 36 வாரத் தொடராக வந்தது. இங்கிலாந்தின் பள்ளியாண்டு 38 வாரம். வாரம் ஒரு பகுதியை ஆசிரியர் உரக்கப் படித்து, அடுத்து என்ன ஆகும் என்ற கேள்வியோடு நிறுத்தினால், ஓராண்டுக்குள் முழு நாவலும் முடியும். கூலிங் பயணத்துக்கும் கில்ட்ஹாலுக்கும் இரண்டு வாரம் மிச்சமிருக்கும்.