மன்ரோ அறிக்கை: அச்சத்தை அளந்தது, சுமையை விட்டது

குழந்தைகள் பாதுகாப்பு பற்றி இங்கிலாந்தில் ஓர் அறிக்கை வருகிறதென்றால், பெரும்பாலும் அதற்கு முன் ஒரு குழந்தை இறந்திருக்கும். மரியா கோல்வெல் விசாரணை அறிக்கை வெளிவந்த 1974 முதல் வழக்கம் இதுதான். மரணம், விசாரணை, பரிந்துரைகள், புதிய விதிகள், மறுபடியும் ஒரு மரணம். 2010 ஜூனில் ஐலீன் மன்ரோவிடம் ஒப்படைக்கப்பட்ட ஆய்வு இந்தச் சுற்றுக்கு வெளியே நின்று வேறொன்றைக் கேட்டது: இவ்வளவு சீர்திருத்தங்களுக்குப் பிறகும் பணி ஏன் செம்மைப்படவில்லை? அப்போது லண்டன் பொருளியல் கல்லூரிப் பேராசிரியராக இருந்த மன்ரோ, அதற்கு முன் சமூகப் பணியாளராகவே வேலை பார்த்தவர். 2010 அக்டோபர், 2011 பிப்ரவரி, 2011 மே என மூன்று தவணைகளில் வெளியான அவருடைய அறிக்கை பதினைந்து பரிந்துரைகளில் முடிகிறது.

அரசு ஆவணங்களை நாம் திறனாய்வுக்கு எடுப்பது அரிது. இதை எடுப்பதற்குக் காரணம், சமூகப் பணியாளர்களின் மனப்பாங்கு எப்படி உருவாகிறது என்பதற்கு இது ஒரு கோட்பாட்டையே முன்வைக்கிறது. அந்தக் கோட்பாடு எவ்வளவு தாங்கும் என்பதே இங்கு கேள்வி.

அறிக்கையின் அருமையை அறிய அதற்கு முந்தையதை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். 2000 பிப்ரவரியில் லண்டனில் இறந்த எட்டு வயதுச் சிறுமி விக்டோரியா க்ளிம்பியேவைப் பற்றி லார்ட் லேமிங் 2003இல் அளித்த அறிக்கை, உண்மைகளைத் திரட்டுவதில் இத்துறையின் உச்சம். யார் எந்த நாளில் எதைப் பார்த்தார், எதைப் பார்க்கத் தவறினார் என்பதை அது நாள்வாரியாக நிறுவுகிறது. அடிமட்டப் பணியாளரைவிட மேலதிகாரிகள் மீதே கடுமையான பழியை வைக்கும் நேர்மையும் அதற்கு உண்டு. லண்டனின் ஹாரிங்கே உள்ளாட்சி மன்றத்தில் அந்தச் சிறுமிக்குப் பொறுப்பான பணியாளரின் கையில் 19 கேஸ்கள் இருந்தன, அந்தப் பிரிவின் சொந்த விதிப்படி உச்சவரம்பு 12 என்பதை அது பதிவு செய்கிறது. ஆனால் ஆதாரத்திலிருந்து முடிவுக்குப் போகும் இடத்தில் தர்க்கம் தளர்கிறது. கேஸைக் கவனிக்கப் பணியாளருக்கு நேரம் உண்டா என்று மேலாளர் உறுதிசெய்த பிறகே ஒப்படைக்க வேண்டும் என்றொரு பரிந்துரை உண்டு. அது 108 பரிந்துரைகளில் ஒன்று. மற்றவற்றுள் பெரும்பகுதி நடைமுறை, பதிவு, பொறுப்பேற்பு பற்றியவை. செயல்படுத்தியவர்கள் கையில் எடுத்ததும் அவற்றைத்தான்.

மன்ரோவின் முதல் சாதனை இந்த விளைவைக் கணக்கெடுத்தது. 1974இல் ஏழு பக்கச் சுற்றறிக்கையாக இருந்த வழிகாட்டுதல் 2010இல் 390 பக்கங்களாக வளர்ந்திருந்தது. தொடக்க மதிப்பீட்டுக்கு முதலில் ஏழு, 2010இல் பத்து வேலை நாள், விரிவான மதிப்பீட்டுக்கு 35 வேலை நாள் என்று கடிகாரம் ஓடியது. மன்றங்களுக்கான மதிப்பெண் அந்தக் கடிகாரத்தின்படி போடப்பட்டது. ஒருங்கிணைந்த குழந்தைகள் அமைப்பு என்ற கணினி நிரல், குடும்பத்தின் கதையைக் கட்டங்களாக வெட்டி நிரப்பச் சொன்னது. இந்த அழுத்தத்தில் முன்வரிசைக் குழுக்கள் எப்படிக் குறுக்கு வழிகளைத் தேடின என்பதை சூ ஒயிட், கேரன் பிராட்ஹர்ஸ்ட், டேவ் வாஸ்டல் முதலிய ஆய்வாளர்கள் அலுவலகங்களில் உட்கார்ந்து பார்த்து எழுதியிருந்தனர். மன்ரோ அந்த ஆய்வுகளைத் தன் வாதத்தின் நடுவில் வைக்கிறார்.

அங்கிருந்து அவர் எட்டும் முடிவு கூர்மையானது. படிவத்தை முடித்துவிட்டுக் குழந்தையைப் பாராமல் போகும் பணியாளர் அக்கறையற்றவர் என்று பத்திரிகைகள் எழுதின. தரக்குறைவான பயிற்சி என்று அமைச்சர்கள் சொன்னார்கள். மன்ரோ சொல்வது, அவர் நடந்துகொள்வது அறிவுக்கு ஒத்த முறையில்தான் என்பது. விதியைப் பின்பற்றிய பின் குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் அவருக்குக் காப்பு உண்டு. தன் மதிப்பீட்டின்படி நடந்து அது தவறினால் காப்பு ஏதும் இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் ஐந்தாண்டு வேலை செய்பவர் எவரும் விதியின் ஆளாகத்தான் ஆவார். ஒரு செயலை முறையாகச் செய்வதையும் செய்ய வேண்டிய செயலைச் செய்வதையும் பிரித்துக் காட்டும் அவருடைய பகுப்பு, ஆர்கிரிஸ், ஷோன் ஆகியோரின் நிறுவனக் கற்றல் கோட்பாட்டிலிருந்து வருவது. இரவலாக வந்தாலும் இத்துறையில் அதற்கு இவ்வளவு பொருந்தும் இடம் இதற்கு முன் அமைந்ததில்லை. நிச்சயமின்மை இந்தப் பணியின் இயல்பு, ஆபத்தைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது என்று ஓர் அரசு ஆவணத்தில் எழுதவைத்தது தனியாகவே பாராட்டத்தக்கது. மனப்பாங்கைக் குணத்திலிருந்து பிரித்து வேலையின் அமைப்போடு இணைத்த இந்த இடத்தில் அறிக்கை முதல் தரமானது.

முறையியலில் நிறையும் குறையும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. விமானப் போக்குவரத்திலும் மருத்துவத்திலும் விபத்துகளை ஆராயும் அமைப்பியல் அணுகுமுறையை மன்ரோ குழந்தைகள் பாதுகாப்புக்குக் கொண்டுவருகிறார். தவறியவர் யார் என்ற கேள்வி போய், தவறு அவருக்கு ஏன் சரியாகத் தோன்றியது என்ற கேள்வி வருகிறது. லாபம் பெரிது. ஆனால் விமானம் விழுந்தால் விழுந்தது எல்லோருக்கும் தெரியும். குழந்தைகள் பாதுகாப்பில் ஒரு வகைத் தவறு மட்டுமே அப்படி வெளிப்படும். காப்பாற்றப்படாத குழந்தையின் மரணம் செய்தியாகும். பிரித்திருக்கவே கூடாத குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்ட குழந்தையின் துயரம் எந்த விசாரணைக்கும் வராது. இருவகைத் தவறுகளும் உண்டென்று மன்ரோ சொல்கிறார். ஆனால் அவற்றில் ஒன்று மட்டும் கண்ணுக்குத் தெரிவதால் பணியாளரின் மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதை அவர் போதிய அளவு தொடரவில்லை. பின்னூட்டத்தை நம்பி எழுப்பிய முறையியலுக்கு, பாதிப் பின்னூட்டம் வந்தே சேராத துறை இது என்பது அடிப்படைச் சிக்கல்.

இன்னொரு குறை பார்வையின் தூரம். அறிக்கை அலுவலகத்தை நன்றாகப் பார்க்கிறது. வீட்டுக் கதவைத் தாண்டி உள்ளே போவது குறைவு. ஹாரி ஃபெர்குசன் பணியாளர்களோடு வீடு வீடாகச் சென்று உற்றுநோக்கி 2017இல் எழுதிய கட்டுரையோடு ஒப்பிட்டால் இந்த வெற்றிடம் தெரியும். பல சந்திப்புகளில் பணியாளர்கள் குழந்தைகளோடு நன்றாகவே பேசுகிறார்கள். சிலவற்றில் குழந்தை அதே அறையில் இருந்தும் அவர்கள் கண்ணுக்கு மறைந்துபோகிறது. கோபமான பெற்றோர், மூச்சுமுட்டும் சூழல், ஏற்கெனவே களைத்த மனம், அடுத்த சந்திப்புக்கான நேரம் எல்லாம் சேர்ந்து அதைச் செய்கின்றன. படிவம் இல்லாவிட்டாலும் இது நடக்கும். பணியாளரின் உணர்ச்சிச் சுமையை மன்ரோ குறிப்பிடாமல் இல்லை, மேற்பார்வையின் தேவையை வலியுறுத்தவும் செய்கிறார். ஆனால் அவருடைய விளக்கத்தில் எடை முழுவதும் விதியின் மேல் விழுகிறது.

மையக் குறைக்கு வருவோம். விதிகளைக் குறைத்தால் நேரம் விடுபடும், விடுபட்ட நேரம் குடும்பங்களுக்குப் போகும் என்பது அறிக்கையின் அடியில் ஓடும் கணக்கு. ஒருவர் கையில் இத்தனை கேஸ்தான் இருக்கலாம் என்ற வரம்பை அது பரிந்துரைக்கவில்லை. விடுபடும் நேரம் குடும்பத்துக்குத்தான் போகும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? மைக்கேல் லிப்ஸ்கி 1980இல் எழுதிய ‘ஸ்ட்ரீட்-லெவல் பியூராக்ரசி’ நூலைப் படித்தவர்கள் இந்த இடத்தில் நின்றுவிடுவார்கள். ஆசிரியர், காவலர், சமூகப் பணியாளர் என மக்களை நேரில் சந்திக்கும் அரசு ஊழியர்கள் பற்றிய அந்த நூலின் இரு முடிவுகள் இங்கு பொருந்தும். இத்தகைய சேவைகளில், கிடைக்கும் அளவுக்குத் தேவையும் உயரும் என்பது ஒன்று. தீராத தேவைக்கும் போதாத வளத்துக்கும் நடுவில் நிற்பவர் தன்னைக் காத்துக்கொள்ளச் சில பழக்கங்களை உண்டாக்கிக்கொள்வார், அந்தப் பழக்கங்களே நடைமுறையில் அரசின் கொள்கையாகிவிடும் என்பது மற்றொன்று. சிலரைக் காக்கவைப்பது, சிலரைக் குறைவாக நம்புவது, எளிதில் முடியும் கேஸை முதலில் எடுப்பது, எதிர்பார்ப்பைத் தாழ்த்திக்கொள்வது எல்லாம் அதில் அடங்கும்.

லிப்ஸ்கியின் கோணத்தில், விதி ஒரு பழக்கத்தை உண்டாக்குகிறது என்பது பாதி உண்மை. பற்றாக்குறையும் அதை உண்டாக்குகிறது. விதியை எடுத்துவிட்டுப் பற்றாக்குறையை அப்படியே வைத்தால், படிவம் செய்த வேலையைப் பணியாளரின் சொந்தச் சலிப்பு செய்யும். அப்போது அது எழுத்தில் இருக்காது, ஆகவே கேள்விக்கும் உட்படாது. லிப்ஸ்கியிடம் குறை இல்லாமல் இல்லை. பணியாளரின் அறிவு வளரக்கூடும் என்பதற்கு அவர் இடம் கொடுப்பது குறைவு; மன்ரோ அதற்கு நிறைய இடம் கொடுக்கிறார். இருவரையும் சேர்த்துப் படித்தால்தான் ஒரு முழுக் கோட்பாடு கிடைக்கும். மன்ரோவின் அறிக்கை அந்தச் சேர்க்கையைச் செய்யவில்லை. 2010க்குப் பிறகு உள்ளாட்சி நிதி வெட்டப்பட்டுக்கொண்டிருந்த வேளையில், செலவைப் பற்றி அதிகம் கேட்காத ஒரு சீர்திருத்தம் அமைச்சர்களுக்கு எளிதில் உவப்பானது.

அச்சத்தின் ஊற்று பற்றியும் ஒரு மறுப்பு உண்டு. அதே ஹாரிங்கேயில் 17 மாதக் குழந்தை பீட்டர் கானலி 2007 ஆகஸ்டில் இறந்தான். அந்த வழக்கின் தீர்ப்புக்குப் பின் 2008 இறுதியில், சம்பந்தப்பட்டோரைப் பணிநீக்கம் செய்யக் கோரி ஒரு நாளிதழ் நடத்திய இயக்கத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். ஹாரிங்கேயின் குழந்தைகள் சேவை இயக்குநர் ஷரன் ஷூஸ்மித்தைப் பதவியிலிருந்து நீக்குவதாக அமைச்சர் எட் பால்ஸ் தொலைக்காட்சியின் முன் அறிவித்தார். குழந்தையைப் பராமரிப்பில் எடுக்கக் கோரி நீதிமன்றம் சென்ற விண்ணப்பங்கள் 2008-09இல் சுமார் 6,500; அடுத்த ஆண்டு 8,800 அளவுக்கு உயர்ந்தன. 2008இல் வந்த நீதிமன்ற நடைமுறை மாற்றமும் கட்டண உயர்வும் முதல் எண்ணைச் சற்றுத் தாழ்த்தியிருந்தன. அதைக் கழித்தாலும் எழுச்சி பெரிது. பக்கம் பக்கமாக விதி சேர்ந்ததால் வந்த மாற்றம் அல்ல இது. சில வாரங்களில் மேலிருந்து இறங்கிய அச்சம். பழிபோடும் சூழலை மன்ரோ கண்டிக்கிறார். ஆனால் பழிபோடும் அதிகாரம் உள்ளவர்களைக் கட்டுப்படுத்த அவருடைய பதினைந்து பரிந்துரைகளில் வலுவான ஒன்றும் இல்லை. ஷூஸ்மித்தின் நீக்கம் நியாயமற்ற முறையில் நடந்தது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது மன்ரோவின் இறுதி அறிக்கை வந்த அதே 2011 மே மாதத்தில்தான்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். மதிப்பீட்டுக் கால வரம்புகளை நீக்கச் சொன்னார் மன்ரோ. 2013 வழிகாட்டுதல் மெலிந்து வந்தது, ஆனால் 45 வேலை நாள் என்ற புதிய வரம்போடு வந்தது. குடும்பங்களுக்கு முன்கூட்டியே உதவுவதைச் சட்டக் கடமையாக்கச் சொன்னார், அரசு மறுத்தது. தலைமைச் சமூகப் பணியாளர் பதவி உருவானது. செலவில்லாத பரிந்துரைகள் எளிதில் வாழ்ந்தன என்ற வடிவம் தெளிவாகத் தெரிகிறது. இதற்கு ஆசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பிரித்தெடுக்க முடியாதபடி பரிந்துரைகளை ஒன்றோடொன்று பிணைத்து எழுதியிருக்கலாம். மொத்தமாக ஏற்க வேண்டியவை என்று அவர் சொன்னார். அவை எழுதப்பட்ட விதம் அதற்கு இடம் தரவில்லை.

அவர் நேர்மைக்கு ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். குழந்தைகள் சட்டங்களின் சில கடமைகளிலிருந்து உள்ளாட்சிகளுக்கு விலக்களிக்கும் பிரிவு 2016இல் ஒரு மசோதாவில் வந்தபோது, புதுமைக்கு உதவும் என்று மன்ரோ முதலில் ஆதரித்தார். சட்டக் காப்புகளையே தளர்த்துவதில் தான் எண்ணியதைவிடப் பெரிய ஆபத்து உண்டு என்று உணர்ந்து ஆதரவை வெளிப்படையாக விலக்கிக்கொண்டார். 2017 மார்ச்சில் அரசு அந்தப் பிரிவைக் கைவிட்டது. விதியைக் குறைப்பதே விடுதலை என்ற எளிய வாசிப்பை அறிக்கையின் ஆசிரியரே ஏற்கவில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

2022 மேயில் வந்த ஜோஷ் மகாலிஸ்டரின் ஆய்வு, மன்ரோ விட்ட இடத்தில் பணத்தை எண்ணுகிறது. 260 கோடி பவுண்டு புதிய செலவு வேண்டும் என்று கேட்கிறது. கோட்பாட்டு ஆழத்தில் மன்ரோவுக்கு அது ஈடில்லை. ஆனால் நேரடிப் பணியில் உள்ளவர்கள் குடும்பங்களோடு கழிக்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு என்று அது எழுதும்போது, பதினொரு ஆண்டுகளில் மன்ரோவின் நேரக் கணக்கு பொய்த்துவிட்டது என்றுதான் பொருள். பராமரிப்பில் இருந்த குழந்தைகள் 2011 மார்ச்சில் 65,520 பேர். 2022 மார்ச்சில் 82,170 பேர். அதே 2022 செப்டம்பரில் குழந்தைகள் சமூகப் பணியிடங்களில் ஐந்தில் ஒன்று காலி. நிதி வெட்டு, வறுமை, வழக்குகளின் பெருக்கம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. விடுபட்ட நேரத்தைச் சுமை விழுங்கும் என்ற லிப்ஸ்கியின் எச்சரிக்கையும் அவற்றோடு சேர்கிறது.

என் மதிப்பீடு இது. லேமிங்கின் அறிக்கை ஆதாரத்துக்காக நிற்கும். அதன் பரிந்துரைகள் நிற்கா. மகாலிஸ்டருடையது கணக்குக்காகப் பயன்படும். மூன்றிலும் சிந்தனைப் படைப்பாகப் படிக்கத்தக்கது மன்ரோவுடையது ஒன்றே. பணியாளரின் மனப்பாங்கை விளக்குவதில் அது வென்றிருக்கிறது, பணிச்சுமையை விளக்குவதில் தோற்றிருக்கிறது, அதிகாரத்தைப் பற்றித் தயங்கியிருக்கிறது. நேரம் குறைவாக உள்ளவர்கள் மூன்றாம் அறிக்கையை விட்டு, 2010 அக்டோபரில் வந்த முதல் பகுப்பாய்வைப் படியுங்கள். சிந்தனை அங்கேதான் செறிவாக இருக்கிறது. படிக்கும்போது லிப்ஸ்கியின் நூலும் பக்கத்தில் இருக்கட்டும்.