பிரபுதேவா ஆடினது பிரேக் டான்ஸ் இல்லை

2024 ஆகஸ்ட் 9, 10 தேதிகளில் பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பிரேக்கிங் போட்டி நடந்தது. மறுநாள் எங்க குருசுக்குப்பம் தெரு வாட்ஸ்அப் குழுவில் ரெண்டு வீடியோ வந்து விழுந்தது. ஒண்ணு, கங்காரு மாதிரி குதிச்சு, நடுவர்கள்கிட்ட ஒரு ஓட்டுகூட வாங்காம போன ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் ரேகன். இன்னொண்ணு, 'காதலன்' படத்தில் கௌபாய் வேஷத்தில் பிரபுதேவா. "நம்மாளு 30 வருஷம் முன்னாடியே ஆடிட்டாரு, தங்கத்தை அவருக்குக் குடுங்கடா" என்று கீழே ஒரு வரி. நானும் கைதட்டுற பொம்மை ஒண்ணு போட்டேன். போட்ட பிறகுதான் உறுத்தல் ஆரம்பிச்சது. அந்தப் பாட்டில் அவர் ஆடுவது பிரேக்கிங் இல்லையே?

இதை எழுதினா திட்டு விழும்னு தெரியும். அவர் ஆட்டத்தைக் குறைச்சுச் சொல்றதுக்காக எழுதல. சரியான பேரைத் தெரிஞ்சுக்கிட்டுப் பார்த்தா அவர் செஞ்சது இன்னும் பெரிய விஷயமாத் தெரியுது. அதுதான் இந்தக் குறிப்பு.

சந்தேகம் பழசு. 90களின் தொடக்கத்தில் எங்க தெருவில் ஒரு சொல்தா குடும்பம் இருந்தது. பிரான்ஸிலிருந்து லீவுக்கு வரும் அவங்க வீட்டு அண்ணன், மொட்டை மாடியில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கிட்டு ஆடிக் காட்டுவார். ஒரு கை விரல் நுனியில் கிளம்புற அலை, தோள் வழியா ஏறி இறங்கி, மறு கை விரலில் போய் முடியும். நாங்க "பிரேக் டான்ஸ், பிரேக் டான்ஸ்"னு கத்துவோம். அவர் "இல்லடா, இது ஸ்மர்ஃப்" என்பார். ஒரு கேசட்டும் கொண்டுவந்திருந்தார். எங்க டெக்கில் போட்டா படம் கறுப்பு வெள்ளையில்தான் ஓடும். (அங்கே செகாம் முறை, நமக்கு பால் முறை. அது தெரியாம, பிரான்ஸ் இன்னும் கலருக்கு மாறல போலன்னு நாங்க பேசிக்கிட்டோம்.) அது 1984இல் டிஎஃப்1 சேனலில் சிட்னி நடத்திய 'ஹிப் ஹாப்' நிகழ்ச்சியின் பதிவுன்னு ரொம்பப் பின்னாடிதான் கண்டுபிடிச்சேன்.

ஆக, ஒரே ஆட்டத்துக்கு ஒரே தெருவில் ரெண்டு பேர். தேடிப் பார்த்ததில் ரெண்டுமே அதை உருவாக்கினவங்க வெச்ச பேர் இல்லைன்னு தெரிஞ்சது.

பிரேக்கிங் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் பிறந்தது. 1973 ஆகஸ்ட் 11 அன்று, 1520 செட்ஜ்விக் அவென்யூ குடியிருப்பில், ஜமைக்காவிலிருந்து வந்த கூல் ஹெர்க் தன் தங்கச்சி ஏற்பாடு செய்த பார்ட்டியில் பாட்டுப் போட்டார். ஹிப் ஹாப்பின் பிறந்தநாள்னு சொல்றது இதைத்தான். பாட்டு நின்னு தாளம் மட்டும் தனியா வரும் இடத்துக்கு 'பிரேக்' என்று பேர். கூட்டம் அந்த இடத்துக்காகத்தான் காத்துக்கிட்டிருக்குன்னு ஹெர்க் கவனிச்சார். ஒரே இசைத்தட்டின் ரெண்டு பிரதிகளை வெச்சு, ஒண்ணில் பிரேக் முடியும்போது இன்னொண்ணில் அதே இடத்தை ஆரம்பிச்சு, அதை நீட்டிக்கிட்டே போனார். கையாலேயே போட்ட லூப்! அந்தத் தாளத்துக்கு ஆடினவங்க பி-பாய், பி-கேர்ள். நின்னபடி சில அடிகள், பிறகு தரையில் கை ஊன்றிக் கால் வேலை, முதுகிலோ தலையிலோ சுழற்சி, கடைசியில் சிலை மாதிரி ஓர் உறைதல். உடம்பை ஒடிக்கிறதுக்கோ வண்டி பிரேக்குக்கோ இதில் சம்பந்தமே இல்லை.

அந்த அண்ணன் ஆடினது அமெரிக்காவின் மறுகோடியில், கலிஃபோர்னியாவில் பிறந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் டான் கேம்ப்பெல் 70களின் தொடக்கத்தில் உருவாக்கினது லாக்கிங்: வேகமா வந்து சட்டுனு பூட்டுப் போட்ட மாதிரி நிக்கிறது. ஃபிரெஸ்னோவில் பூகலூ சாம் அதே பத்தாண்டின் பிற்பாதியில் கொண்டுவந்தது பாப்பிங்: தசையை ஒரு நொடி இறுக்கி விட்டு, தாளம் உடம்புக்குள்ள வெடிக்கிற மாதிரி காட்டுறது. அலை, கோணக் கைகள், வழுக்கிப் போற நடை எல்லாம் இந்தக் குடும்பத்தோட சேர்ந்தவை. ரெண்டுமே ஃபங்க் இசைக்கு ஆடினவை. பிராங்க்ஸ் பையன்களின் பிரேக்குக்கும் இதுக்கும் பிறப்பில் உறவு கிடையாது.

குழப்பத்தை அமெரிக்கப் பத்திரிகைகளும் சினிமாவும்தான் ஆரம்பிச்சு வெச்சது. 1984இல் வந்த 'பிரேக்கின்' படத்தின் ரெண்டு நாயகர்களில் ஷாபா-டூ லாக்கர், பூகலூ ஷ்ரிம்ப் பாப்பர். படத்துப் பேரே தப்பு! அதில் ஷ்ரிம்ப் துடைப்பத்தோட ஆடுற ஆட்டம் முழுக்க பாப்பிங். உலகம் அதைப் பார்த்து "பிரேக் டான்ஸ்" என்றது, நாமும் சொன்னோம்.

இப்போ நம்மாளுக்கு வருவோம். 'ஜென்டில்மேன்' (1993) ரயில் பாட்டையும், 'காதலன்' (1994) கௌபாய் பாட்டையும் பாதி வேகத்தில் வெச்சுப் பல தடவை பார்த்தேன். ஆட்டம் பெரும்பாலும் காலில் நின்னபடிதான். தலையால் சுத்துறதுதான் பிரேக்கின் அடையாளம்னா, இதில் அதைத் தேட வேண்டியதில்லை. இருப்பது அலை, கோணம், வழுக்கல். ஆனா அசல் பாப்பிங்கும் இல்லை. பாப்பரின் உயிரே அந்த வெடிப்பு. பிரபுதேவா அதை மழுக்கிட்டு, எலும்பே இல்லாத மாதிரி ஓட விடுறார். திடீர்னு இடுப்பு குத்துக்குப் போகுது. அடுத்த நொடி கழுத்தும் கையும் பரதநாட்டியத்துச் சுத்தத்தோட ஒரு கோட்டில் வந்து நிக்குது. அவர் முறையாப் பரதம் படிச்சவர், அப்பா சுந்தரம் மாஸ்டர் கிட்டயே சினிமா நடனம் பழகினவர். உடம்பைத் துண்டு துண்டாப் பிரிச்சு அசைக்கிற வித்தை அவருக்கு ஃபிரெஸ்னோவிலிருந்து வர வேண்டிய அவசியம் பாதிதான் இருந்தது. "இந்தியாவின் மைக்கேல் ஜாக்சன்" என்ற பட்டம் இதை மறைச்சிடுது. அந்த ஜாக்சனே 1983இல் மேடையேத்தின மூன்வாக்கை, அதுக்கு முந்தின வருஷமே பிபிசி நிகழ்ச்சியில் ஜெஃப்ரி டேனியல் ஆடிக் காட்டிட்டார். நகலுக்கு நகல்னு சொல்லி நம்மாளைச் சின்னதாக்கிட்டோம்.

பேர்ல என்ன இருக்குன்னு கேட்பீங்க. சதிர் 'பரதநாட்டியம்' ஆனபோது பழைய பேரோட யாரெல்லாம் மேடையை விட்டுப் போனாங்கன்னு நமக்குத் தெரியும். பறையை யாராவது பொத்தாம் பொதுவா 'ட்ரம்ஸ்' என்றால் கோபம் வருது. ஃபிரெஸ்னோ கறுப்பினப் பையன்களுக்கும் அதே கோபம் வர உரிமை உண்டு.

என் புகார் பிரபுதேவா மேல இல்லை, அவருக்குப் பின்னாடி வந்த சினிமா, டிவி நடனத்து மேல. அசைவுகளை எடுத்துக்கிட்டாங்க, வட்டத்தை விட்டுட்டாங்க. பிரேக்கிங்கோ பாப்பிங்கோ, சுத்தி ஆள் நிக்க, ஒருத்தர் உள்ளே வந்து தனக்குத் தோணினதை ஆடிட்டு வெளியே போவார், அடுத்தவர் அதுக்குப் பதில் சொல்வார். இது நமக்கு அந்நியமே இல்லைங்க. எங்க பக்கம் சாவு மேளத்துக்கு முன்னாடி நடக்குறது அச்சு அசல் இதுதான். ஒருத்தன் வட்டத்துக்குள்ள வந்து அடியை மாத்தினா மேளக்காரரும் மாத்துவார். 'காதலன்' பேட்டை ராப்பில் அந்தத் தெருவின் வாடை கொஞ்சம் இருந்தது. பிறகு எல்லாம் ஹீரோவுக்குப் பின்னாடி நாற்பது பேர் ஒரே மாதிரி கையைத் தூக்குறதுன்னு ஆயிடுச்சு. டிவிக்காரங்க போட்டிக்கே 'உங்களில் யார் அடுத்த பிரபுதேவா' என்று பேர் வெச்சாங்க. வட்டத்தில் போய் அடுத்தவனா ஆடிக் காட்டினா சிரிப்பாங்க.

கௌபாய் பாட்டின் கடைசியைத் திரும்பப் பாருங்க. தலை போயிடும், கை கால் போயிடும், உடுப்பு மட்டும் ஆடும். அந்தக் காலத்து கிராஃபிக்ஸுக்கு அசத்தல்தான். இப்போ பார்த்தா வேற மாதிரி தெரியுது.

போன வாரம் பீச் ரோட்டில், சாயங்காலம் வண்டிகளை நிறுத்தின பிறகு, ஒரு பையன் அட்டைப் பெட்டியைப் பிரிச்சுப் போட்டு முதுகில் சுத்திப் பழகிக்கிட்டிருந்தான். பாதிச் சுத்தில் தோள் இடிச்சு நின்னுடுச்சு. திரும்பத் திரும்பப் போட்டான். வாக்கிங் வந்த ஒருத்தர் நின்னு, "தம்பி, பிரபுதேவா மாதிரி ஒண்ணு ஆடு பார்ப்போம்" என்றார். பையன் மூச்சு வாங்கிக்கிட்டே, "அது வேற அங்கிள், எனக்கு வராது" என்று சொல்லிட்டு, அட்டையை நேராப் போட்டு, மறுபடி கையை ஊன்றினான்.