பாகப்பிரிவினை இல்லாத இலக்கியம்

தமிழ்க் கதைகளைத் தொடர்ந்து வாசிப்போருக்குப் பாகப்பிரிவினை பழகிப்போன விஷயம். அண்ணனும் தம்பியும் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்புவர். கிணற்றுத் தண்ணீருக்கு முறை வைப்பர். ஒரு முழ வரப்புக்காக நீதிமன்றப் படியேறுவர். 1959இல் வந்த திரைப்படம் ஒன்று அப்பெயரையே தாங்கி வந்தது. யாழ்ப்பாணத்துக் கதைகளில் முதுசமும் சீதனமும் வகிக்கும் இடத்தைச் சொல்ல வேண்டியதில்லை. மலையகக் கதைகளிலோ பசி உண்டு, பிரிவு உண்டு, சாவு உண்டு. இறந்தவனின் சொத்தைப் பங்கிடும் காட்சி மிக அரிது. சி. வி. வேலுப்பிள்ளை தம் நாவலுக்கு இட்ட பெயரே 'வீடற்றவன்'.

துரையையும் கங்காணியையும் விட்டால் இவர்களுக்கு எழுத வேறு குடும்பக் கதை இல்லையா என்று கேட்கும் விமர்சகருக்கு நாம் ஒரு கேள்வியைத் திருப்பிப் போடலாம். பங்கிட என்ன இருந்தது?

சட்டம் இல்லாமற் போகவில்லை. வடக்கின் தமிழருக்குத் தேசவழமை. கண்டிச் சிங்களவருக்குக் கண்டியச் சட்டம். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம். இவற்றுள் எதற்கும் உட்படாத மலையகத் தமிழருக்குரியது 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். மரணசாதனம் எழுதாமல் ஒருவர் இறந்தால், அவருடைய சொத்தில் பாதி, உயிரோடிருக்கும் கணவனுக்கோ மனைவிக்கோ சேரும். மறுபாதியை மக்கள் சமமாகப் பெறுவர். மகனென்றும் மகளென்றும் அதில் பேதமில்லை. மகன் முன்னரே இறந்திருந்தால் அவன் பங்கு அவன் பிள்ளைகளுக்குப் போகும். கண்டியச் சட்டத்தின்படி 'தீக' முறையில் மணமாகிப் போகும் மகள் தந்தையின் பரவேணிக் காணியில் உரிமையை இழக்கிறாள். கொழுந்து பறிப்பவளின் மகளுக்கு அந்த இழப்பு இல்லை. நாட்டின் வாரிசுரிமை முறைகளுள் பெண்ணுக்குப் பெரிதும் நியாயம் செய்யும் ஒன்று, ஒரு சாண் காணியுமற்ற மக்களுக்குக் கிடைத்தது! வெறுங்கலத்தைச் சம பங்காக வைக்கச் சொல்கிறது சட்டம்.

பொகவந்தலாவையின் தூய மரியாள் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஹே கெமரன் உறங்குகிறார். அருகே அவர் மனைவி, புகழ்பெற்ற நிழற்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரன். இந்நாட்டின் நீதிமன்ற அமைப்பைத் திருத்திய 1833ஆம் ஆண்டுச் சாசனத்துக்கு வழிகோலிய சட்ட அறிஞர் அவர். இங்கே கோப்பித் தோட்டங்களின் உடைமையாளரும் அவரே. மேற்படி கட்டளைச் சட்டம் பிறந்தபோது அவர் இலங்கையில் வாழ்ந்துகொண்டிருந்தார். சட்டமும் உடைமையும் ஒரே குழியில் அடங்கிய அந்தக் கல்லறையைச் சுற்றிலும், சட்டமிருந்தும் உடைமையில்லாதவர்களின் லயங்கள்.

பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் குடியிருப்பு. ஆகவே தகப்பன் மகனுக்கு விட்டுச் சென்றது வேலைப் பெயர். தாய் மகளுக்கு விட்டுச் சென்றது கொழுந்துக் கூடை. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசுடைமையாக்கிற்று. 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் போயிற்று. உடைமையாளர் மாறினரே தவிர, காணி தொழிலாளியை நெருங்கவில்லை.

ஆயினும் மலையகத்தில் ஒரு மாபெரும் பாகப்பிரிவினை நடந்தது. 1948இல் பிரசாவுரிமை பறிக்கப்பட்ட மக்களை 1964 அக்டோபரில் இரண்டு அரசாங்கங்கள் எண்ணிக் கூறுபோட்டன: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். அண்ணன் ஒரு பங்கில், தங்கை மறு பங்கில். பிற இடங்களில் மனிதர் சொத்தைப் பங்கிட்டனர். இங்கே மனிதரே பங்கிடப்பட்டனர். மலையக எழுத்தில் சுவர் எழுப்பும் சகோதரர்களைக் காணாதவர், ரயில் நிலையத்தில் அழும் சகோதரர்களைக் காணத் தவறியவராவார்.

இன்று நிலை சற்றே அசைந்திருக்கிறது. 2015இன் பின் 7 பேர்ச்சஸ் காணியுடன் தனி வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் பொகவந்தலாவைக்கு அண்மித்த நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். உறுதி கைக்கு வரும் குடும்பத்தில் 1876ஆம் ஆண்டுச் சட்டமும் முதன்முதலாக உயிர் பெறுகிறது. கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 7 பேர்ச்சஸுக்கு உரியவன் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் விட்டு இறந்தால் மனைவிக்கு மூன்றரை, பிள்ளை ஒருவருக்கு ஒரு பேர்ச்சஸில் எட்டில் ஏழு பங்கு, ஏறத்தாழ 238 சதுர அடி. பழைய லயத்தின் இரண்டு காம்பராக்களின் அளவு அது! ஒரு தலைமுறையிலேயே சட்டம் அவர்களை லயத்துக்குத் திருப்பி அனுப்புகிறது.

உறுதி கணவன் பெயரில் மட்டும் எழுதப்பட்டால், பொதுச் சட்டத்தின் கீழ் அவன் அதை விற்க மனைவியின் கையொப்பம் வேண்டியதில்லை. திருமணம் பதியப்படாதிருந்தால், தாலி கட்டியவளே தான் மனைவியென நிரூபிக்க அலைய நேரிடும். மணவாழ்வை நிரூபிக்க இயலாத இடத்தில் பிள்ளைகளும் தந்தை வழி உரிமையை இழப்பர்.

எனவே இருவர் பெயரிலும் உறுதி, பிழையற்ற பிறப்பு, விவாகப் பதிவுகள், பங்கிட்டாலும் வாழ இடந்தரும் அளவு காணி ஆகியன இன்றைய கோரிக்கைகள். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இந்தச் சட்டத்தைப் பெற்றோருக்கு எளிய தமிழில் விளக்கலாம். மாணவர்கள் பதிவுகளைச் சரிசெய்ய உதவலாம். நாளை மலையகத்திலும் பாகப்பிரிவினைக் கதைகள் பிறக்கும். அவை அரை பேர்ச்சஸுக்காக உடன்பிறந்தார் அடித்துக்கொள்ளும் கதைகளாகுமா, தமக்குரிய நிலத்தைப் பெற்றவர் அதை நேர்மையாகப் பகிர்ந்த கதைகளாகுமா என்பது இன்று நாம் எவ்வளவு காணி கேட்கிறோம், யார் பெயரில் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.