இரண்டாவது தெர்மாமீட்டர்

அறிவியல் என்ற பேச்சு எழுந்தால் நம் சிறுபத்திரிகை உலகில் இரண்டு விதமான எதிர்வினைகளைத்தான் பார்க்க முடிகிறது. ஒன்று, பழைய முற்போக்கு பக்தி: எண்ணைச் சொல்லிவிட்டால் உண்மையைச் சொல்லியாச்சு. இன்னொன்று, எல்லா அளவீடும் அதிகாரத்தின் சொல்லாடல்தான், விட்டுத்தள்ளு என்கிற அலட்சியம். இரண்டுமே மெனக்கெடாமல் எடுக்கப்பட்ட நிலைப்பாடுகள். கருவியும் கயிறும் கையும் கணக்கு நோட்டும் புழங்குகிற இடத்துக்கு இரண்டு தரப்பும் போவதே இல்லை. துருவக் கடலில் ஆய்வுக் கப்பல்கள் தண்ணீரை எப்படி அளக்கின்றன என்பதை எடுத்துக்கொண்டு இந்த இரண்டையும் கேள்விக்குள்ளாக்கலாம். பெரும்பாறை மலைக்கும் அன்டார்டிகாவுக்கும் என்னப்பா சம்பந்தம் என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

1872இல் பிரிட்டனிலிருந்து கிளம்பிய சேலஞ்சர் கப்பல் 1874 பிப்ரவரியில் அன்டார்டிக் வட்டத்தைத் தாண்டியது. ஆழ்கடல் வெப்பத்தை அளக்க அதில் பெரும்பாலும் பயன்பட்டவை, தான் சந்தித்த உச்ச வெப்பத்தையும் குறைந்த வெப்பத்தையும் பதிந்துவைக்கிற தெர்மாமீட்டர்கள். கீழே போகப்போகக் கடல் குளிரும் என்ற அனுமானத்தில் உருவான கருவி அது. வெப்பக் கடலில் அந்த அனுமானம் செல்லும். துருவக் கடலில் கதையே வேறு. மேலே உறைநிலையை ஒட்டிய நீர், அதற்கும் கீழே அதைவிட வெப்பமான நீர். மேல் அடுக்கைக் கடக்கும்போதே குறைந்த அளவைப் பதிந்துகொண்ட கருவி, கீழே இருக்கும் வெப்பத்தைப் பற்றி வாயைத் திறக்காது. பொய் சொல்லும் நோக்கம் அதற்குக் கிடையாது. அதற்குள் வைத்துக் கட்டப்பட்ட கோட்பாடு அதைத் தவிர வேறெதையும் சொல்ல விடவில்லை. கருவி நடுநிலையானது என்று நம்புகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் கதை இங்கே முடிந்துவிடவில்லை. 'பார்த்தாயா, எல்லாம் கட்டமைப்பு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் அடுத்த பக்கத்தையும் புரட்ட வேண்டும். லண்டனின் நெக்ரெட்டி-சாம்ப்ரா நிறுவனம் 1874இல் தலைகீழ் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தது. வேண்டிய ஆழத்தில் அதைக் கவிழ்த்தால் பாதரச இழை ஒரு குறுகலான இடத்தில் அறுந்து, அந்த ஆழத்தின் வெப்பத்தை அப்படியே காப்பாற்றி மேலே கொண்டுவரும். நான்சென் 1893 முதல் 1896 வரை ஃபிராம் கப்பலில் வடதுருவப் பனியோடு மிதந்து போனபோது, உறைநீர் அடுக்குக்குக் கீழே பூஜ்ய டிகிரிக்கு மேற்பட்ட அட்லாண்டிக் நீர் பரவிக்கிடப்பது தெரியவந்தது. பழைய அனுமானத்தைத் தகர்த்ததும் ஓர் அளவீடுதான்.

பிறகு ஒரு வழக்கம் நிலைபெற்றது. என் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. ஒரே ஒரு தெர்மாமீட்டரை நம்பிக் கடலில் இறக்குவதில்லை. ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கும். ஒன்று சொல்வதை இன்னொன்று சோதிக்கும். அழுத்தம் தாக்காதபடி தடித்த கண்ணாடி உறையில் ஒன்று, அழுத்தத்துக்குத் திறந்தபடி ஒன்று என்று சேர்த்து இறக்கினால், இரண்டின் வித்தியாசத்திலிருந்து எவ்வளவு ஆழத்தில் கவிழ்ந்தது என்பதையும் கணக்கிட்டுவிடலாம். ஆக, இரண்டு சாட்சிகள் முரண்படும் இடத்திலும் அறிவு பிறக்கிறது. உப்புத்தன்மைக்கும் ஒரு பொது அளவு இருந்தது. கோபன்ஹேகனிலிருந்து வந்த தரநீரோடு ஒப்பிட்டுத்தான் எந்த நாட்டுக் கப்பலும் தன் கணக்கைச் சொல்ல முடிந்தது.

இன்று பாதரசத்தின் இடத்தில் சி.டி.டி. வந்துவிட்டது. மின்கடத்துதிறன், வெப்பம், அழுத்தம் மூன்றையும் இடைவிடாமல் அளந்துகொண்டே இறங்கும் கருவி. ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரி வரை சொல்லும். அப்போதும் பழைய சந்தேகம் விடவில்லை. ஒரே அளவுக்கு இரண்டு உணரிகளைப் பொருத்துகிறார்கள்; கூடவே சுற்றிலும் குப்பிகளைக் கட்டி, பல ஆழங்களில் நீரை மொண்டு, மேலே கொண்டுவந்து தனியாகச் சோதிக்கிறார்கள். 1983இல் ஜெர்மனியில் கட்டப்பட்ட நம் சாகர் கன்யா 2004இல் தென்பெருங்கடலுக்குப் போனது. சென்னை பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனமும் கோவாவின் துருவ ஆய்வு மையமும் சேர்ந்து 2014 ஜூலையில் ஸ்வால்பார்டின் காங்ஸ்ஃபியார்டன் நீரில் இண்டார்க் என்ற கருவித் தொடரை நிறுத்தின. இவ்வளவு மெனக்கெடுவதற்குக் காரணம் உண்டு. தென்பெருங்கடலின் அடிநீர் பத்தாண்டுக்கு நூறில் சில பங்கு டிகிரிதான் சூடாகிறது. கருவி அதைவிட அதிகமாகப் பிசகினால் மொத்த வரலாறும் பிசகிப்போகும்.

இப்போது மலைக்கு வருவோம். கொடைக்கானலில் பாம்பார் சோலையை ஒட்டி ஒரு தெர்மாமீட்டர் ஆலை இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனிலிருந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, 1980களின் தொடக்கத்தில் பாண்ட்ஸ் பெயரில் தொடங்கி, பிறகு இந்துஸ்தான் லீவரிடம் வந்தது. அங்கே செய்தவை காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர்கள். கடலில் இறங்கியவை அல்ல. பெரும்பகுதி ஏற்றுமதி ஆனது. பாதரசமும் கண்ணாடியும்தான் இரண்டுக்கும் பொது. 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி குவிந்துகிடப்பதை ஊர்மக்களும் சூழல் அமைப்புகளும் வெளிக்கொண்டு வந்த பிறகு ஆலை மூடப்பட்டது. 2003இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது.

அங்கே அளவீடு நடக்கவில்லையா? நடந்தது. எவ்வளவு பாதரசம் வெளியேறியது என்ற கணக்கை நிறுவனம் அமர்த்திய ஆலோசகர்கள் சொன்னார்கள். தொழிலாளர் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்று ஆய்வுகள் காட்டுவதாக நிறுவனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு கிலோ மண்ணில் 20 மில்லிகிராம் பாதரசம் வரை இருக்கலாம் என்று ஓர் எண்ணைத் துப்புரவுப் பணிக்கு இலக்காக வைத்தார்கள். இது முதல் தெர்மாமீட்டர். இரண்டாவது மெதுவாகத்தான் வந்தது. அணுசக்தித் துறை ஆய்வாளர்கள் கொடை ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசத்தை அளந்து 2006இல் வெளியிட்டார்கள். 2011இல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகக் குழு, தொழிலாளர்களுக்கு நேர்ந்த பாதிப்புக்குச் சான்று உண்டு என்றது. 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. தரப்பட்டது கருணைத் தொகை. பாதரசம்தான் காரணம் என்ற ஒப்புதல் அதில் இல்லை. ஆலை மூடியதிலிருந்து எண்ணிப் பார்த்தால் பதினைந்து வருஷம்.

யாரும் இல்லாத கடலின் நீருக்கு இரண்டு சாட்சிகளை வைக்கத் தெரிந்த இதே அறிவியல், ஆட்கள் மூச்சுவிட்ட அறையின் காற்றுக்கு ஒரே சாட்சியோடு ஏன் நின்றுபோனது? அறிவியலுக்குத் திறமை போதாமல் இல்லை. கடலின் எண் பிசகினால் அது இன்னொரு கப்பலில் அம்பலமாகிவிடும். ஆலையின் எண்ணை அடுத்தவர் போய்ச் சரிபார்க்க வாசலில் காவல்காரர் விடமாட்டார். அதிகாரம் வேலை செய்வது இங்கேதான். எண்ணைப் பொய்யாக்க வேண்டிய அவசியம்கூட அதற்கு இல்லை. இரண்டாவது எண் பிறக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

துருவக் கப்பல் ஏதோ புனிதமானது என்று சொல்ல வரவில்லை. சேலஞ்சர் கடற்படைக் கப்பல். இன்றைய துருவப் பயணங்களிலும் தேசக் கௌரவமும் வள ஆசையும் கலந்திருக்கின்றன. ஆனால் எஜமானனுக்கும் அடங்காத ஒரு நடைமுறை அதற்குள் இருக்கிறது. அதை எடுத்துக்கொள்ளாமல் கப்பலை மட்டும் ஏசிக்கொண்டிருந்தால் நஷ்டம் நமக்குத்தான். பாதரச ஆவி பல மாதங்கள் காற்றில் தங்கி உலகம் சுற்றும். துருவ வசந்தத்தில் பனியில் படியும் என்பது 1990களில் கனடாவின் வடகோடியில் தெரியவந்தது. இன்று துருவக் கடல்நீரில் அளக்கப்படும் பாதரசத்தில் எந்த மலையின் பங்கு எவ்வளவு என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. அங்கே சீல், திமிங்கில இறைச்சி உண்டு வாழ்கிற இன்யூட் மக்களும் நம்மைப் போலத் தாங்கள் செய்யாததைச் சுமக்கிறார்கள்.

கீழ்ப்பழனி மலையின் பெரும்பாறை காப்பி ஊர். காப்பிச் செடி பூக்கக் கோடை மழை ஒன்று வேணும். பூத்தபின் தாங்க இன்னொன்று வேணும். மழை பிந்தினால் "பூவு கருகிப்போச்சு, இந்த வருஷம் அவ்ளோதான்" என்று தோட்டத்து ஆட்கள் சொல்வார்கள். வேலை நாள் குறைவதும் அவர்களுக்குத்தான். மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் கால்வாசியைக் கடல்கள் விழுங்குகின்றன; அதிலும் ஏறத்தாழ நாற்பது சதவீதம் தென்பெருங்கடலின் வயிற்றுக்குப் போகிறது. அந்தக் கடலின் கணக்கு கடைசியில் இந்த மலையின் கணக்கும்தான். ஆனால் இங்கே மழைமானி எஸ்டேட் பங்களா முற்றத்தில் நிற்கிறது; மழை நோட்டு ஆபீஸ் மேசையில் கிடக்கிறது. தெளிக்கிற மருந்தின் கணக்கும் அதே மேசையில்தான்.

இயக்கக்காரர்கள் கேட்க வேண்டியது இதைத்தான். மழைமானி ஒன்று தொழிலாளர் குடியிருப்பிலும் இருக்கட்டும். ஓடைநீரின் மாதிரி இரண்டு குப்பியில் எடுக்கப்படட்டும்; ஒன்று நிர்வாகத்திடம், ஒன்று ஊரிடம். தொழிலாளியின் ரத்தப் பரிசோதனைச் சீட்டின் நகல் அவர் கையிலும் இருக்கட்டும். இரண்டு கணக்கும் ஒத்துப்போனால் நல்லது. ஒத்துப்போகாவிட்டால் பேச்சைத் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.