கிரனாடாவின் ஒரு கஸீதா

கிரனாடாவின் யூத வஸீர் இஸ்மாயீல் இப்னு நக்ரீலா (மறைவு 1056) தாம் கண்ட போர்க்களங்களை எபிரேயத்தில், அரபு யாப்பில் பாடினார். மொழி தவ்ராத்தினுடையது, நடையோ நம் கஸீதாக்களுடையது.

அவருக்குப்பின் வஸீரான மகன் யூஸுஃபுக்கு எதிராக அபூ இஸ்ஹாக் அல்இல்பீரி ஒரு நூனிய்யா பாடினார். ஸன்ஹாஜாக்களை விளித்துத் தொடங்கும் அதில் எளிய சொற்கள்; முத்தகாரிபின் துள்ளல்; ஒருமுறை கேட்டாலே மனனமாகும். 1066 டிசம்பரில் யூஸுஃபும் அவ்வூர் யூதர் பலரும் கொல்லப்பட்டனர். அப்படுகொலைக்கு இக்கவிதை எவ்வளவு காரணம் என்பதில் ஆய்வாளரிடையே கருத்து வேறுபாடுண்டு.

அதன் நயத்தை மட்டும் வியந்து நகர்வது நமக்கு ஒப்பவில்லை. வஸீரின் அதிகாரத்தைச் சாடத் தொடங்கியவர், உடன்படிக்கையை முறித்தவர்கள் என ஒரு சமூகம் முழுவதன் உயிரையும் உடைமையையும் ஹலாலாக்கிவிடுகிறார். ஒருவர் குற்றத்துக்கு ஊரையே பிணையாக்கும் இவ்வாதம் ஃபிக்ஹில் நில்லாது. ஸுஹ்துப் பாடல்களால் புகழ்பெற்ற அந்த ஃபகீஹ் இதை அறியாதவரல்லர்.