அடுப்புக்கு மேலே ஒரு பரண்

70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைக்குப் போனால், பழைய மண்வீடு ஒன்றுக்குள் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். அலமாரி இருக்காது. துணிக்கு ஒரு கொடி, பாத்திரத்துக்கு ஒரு உறி, அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். எனக்கு அந்தப் பரண்மேல் தீராத ஆசை. அடுத்த விதைப்புக்கான சாமை, தினை, கேழ்வரகு அதில்தான் இருக்கும். அன்றாடம் ஏறும் அடுப்புப் புகை வண்டை அண்டவிடாது. மூங்கில் கறுத்து, எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்கும். நகரத்துப் பரண்களில் ஓடாத மிக்சியும் கல்யாணச் சீர்க்குடங்களும் ஆண்டுக்கணக்காகக் கிடக்கின்றன. இங்கே மழை விழுந்ததும் விதை இறங்கும். அறுவடை முடிந்து புது விதை ஏறும். இடையில் சில மாதம் பரண் காலி, புகைவாசம் மட்டும்.